சாந்தன் ஞாபகார்த்தச் சவால் கிண்ணம்

1997ஆம் ஆண்டு சித்திரை மாதம் இத்தாலியின் பலெர்மோ நகரில் தமிழர் நடத்திய நீலஅலை உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான்கு வயது நிறைந்தது. அந்த நான்கு வருடத்தில் ஏழு தலைவர்களும் பத்தொன்பது பயிற்சியாளர்களும் வந்திருந்தார்கள். அடித்த கோல்கள் மூன்று. அதிலும் ஒன்று எதிரணிக்காரர் அவசரத்தில் தங்களுக்கே அடித்துக்கொண்டது.

இதை ஒருவரும் குறையாக எடுக்கவில்லை. கழகம் என்றால் என்ன என்பதில் நடப்புத் தலைவர் குணரத்தினத்துக்குத் தெளிவான கருத்து இருந்தது. அந்தக் கருத்து முழுவதும் ஒரு ஜேர்மன் புத்தகத்திலிருந்து வந்தது. பலெர்மோவுக்கு வருமுன் அவர் ஜேர்மனியில் வால்ட்பிறுக்கன் என்ற ஊரில் ஆறு வருடம் இருந்தவர். அந்த ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் கோப்பை கழுவினார். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு அவர் புறப்பட்ட நாளில், கழகத்தார் தங்கள் எண்பதாவது ஆண்டு மலர் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மனிதர் கழகத்தையே தன் கையில் தந்ததாக எடுத்துக்கொண்டார்.

தடித்த மட்டைப் புத்தகம். முதலில் தலைவர்கள் பதின்மூன்று பேர், ஆளுக்கொரு முழுப்பக்கம், எல்லோரும் கோட்டுப் போட்டவர்கள். பிறகு பயிற்சியாளர்கள் நாற்பத்தொரு பேர், வந்த திகதி, நீக்கப்பட்ட திகதி. அதற்குப் பிறகு கிண்ணங்கள் இருபத்தேழு, பிறந்தநாள் பிள்ளைகளைப்போல ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம். சமையலறையைத் தாண்டிய ஜேர்மன் குணரத்தினத்துக்குத் தெரியாது. ஆனால் படம் பார்க்கத் தெரியும். பார்த்த அளவில் ஒரு கழகத்துக்குத் தலைவர், பயிற்சியாளர், கிண்ணம் மூன்றும் போதும் என்று கண்டுகொண்டு, கழகச் சட்டவிதிகளை முப்பத்திரண்டு பிரிவுகளில் ஒரு யாப்பாக எழுதிவிட்டார்.

யாப்பின்படி தோற்றால் பயிற்சியாளரை நீக்க வேண்டும். கழகம் தவறாமல் தோற்றது. நீக்கப்பட்டவருக்குப் பொன்னாடை போர்த்து நிர்வாக சபையில் இடம் கொடுக்க வேண்டும். நிர்வாக சபையில் இருப்பவர் மைதானத்தில் ஓடுவது மரியாதையில்லை. இப்படியாக, வேலைசெய்கிற வீட்டு இத்தாலிய எசமானிகளான சிஞ்ஞோராமார் லீவு கொடுக்கிற வியாழன் பின்னேரங்களில், ஃபவோரீத்தாப் பூங்காவின் மூலையில் ஆறு பேர் பந்தடிப்பார்கள். இருபது பேருக்கு மேல் கைகட்டி நின்று பார்ப்பார்கள்.

“ஜேர்மன்காரன் எண்பது வருசத்திலை நாப்பத்தொரு பயிற்சியாளர். நாங்கள் நாலு வருசத்திலை பத்தொன்பது. வேகத்தைப் பாருங்கோ,” என்பார் குணரத்தினம்.

ஓடுகிற ஆறு பேரிலும் ஓடாமல் நிற்கிறவன் பீலிக்ஸ். கோல்காப்பாளன். யாழ்ப்பாணத்துக் குருநகரான். வியா மக்வேதாத் தெருவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், எழும்பி நடக்க ஏலாத சிஞ்ஞோரா ஒருத்தியைக் குளிப்பாட்டி, சூப் பருக்கி, சன்னலோரம் இருத்துவது அவன் வேலை. பயிற்சியாளர் பதவி இரண்டு தரம் அவனைத் தேடி வந்தது. இரண்டு தரமும் வேண்டாமென்றுவிட்டான். வீட்டில் விளையாட்டுக்காரன் அவனல்ல, தம்பி சாந்தன். இடதுகாலால் அவன் அடித்தால் பந்து எங்கே போகுமென்று பந்துக்கே தெரியாது என்று குருநகரில் சொல்லுவார்கள்.

சாந்தன் 96ஆம் ஆண்டு ஆவணி ஒன்பதாம் திகதி காலமை சைக்கிளில் போனவன், திரும்பி வரவில்லை. வழியில் ஒரு இராணுவக் காவலரண். காவலரண் வேலியில் சைக்கிள் சாத்திக் கிடந்தது. பிறகு சைக்கிளும் இல்லை. அன்றிலிருந்து தாய் திங்கட்கிழமைதோறும் அவனுடைய படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காணாமற்போனவர்களைப் பதிகிற ஒரு கந்தோர் வாசலில் வரிசையில் நிற்கிறாள். மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். “இந்தத் திங்களும் போனனான்” என்றுதான் அது தொடங்கும்.

இனிக் கிண்ணத்துக்கு வருவோம். ஊரில் யாராவது ஒருவரின் நினைவாக இல்லாமல் ஒரு சுற்றுப்போட்டியாவது நடந்ததுண்டா? செத்தவர் பெயரில் ஒரு கிண்ணம், மாலை போட்ட படம், ஒரு நிமிட மௌனம். இவை இல்லாமல் உதைத்தால் அது சும்மா பந்தடிப்பு. வால்ட்பிறுக்கன்காரரின் இருபத்தேழாவது கிண்ணமும் செத்துப்போன ஒரு தலைவரின் நினைவாகத்தான் என்று குணரத்தினம் படத்தைப் பார்த்தே சொன்னார். ஆனால் நீலஅலையில் எல்லோரும் நாற்பதுக்குள். கழகம் தொடங்கி நான்கு வருடமாகியும் ஒரு உறுப்பினர்கூடச் சாகவில்லை என்பதைச் செயலாளர் தவராசா ஆண்டறிக்கையில் ‘குறைபாடுகள்’ என்ற தலைப்பின்கீழ் எழுதியிருந்தார்.

நிர்வாக சபை செத்தவரைத் தேடத் தொடங்கியது. முன்னாள் தலைவர் அருளையா தன் தகப்பனாரை முன்வைத்தார். அந்த மனிதர் தன் வளவுக்குள் விழுகிற பந்தையெல்லாம் கத்தியால் குத்தித் திருப்பி எறிந்தவர் என்று அதே ஊர்க்காரர் ஒருவர் எழும்பிச் சொல்லிவிட்டார். உடனே வேறு இரண்டு பேர் தங்கள் தங்கள் தகப்பன்மாரைக் கொண்டுவந்தார்கள். மூன்று கூட்டம், இரண்டு கைகலப்பு. கடைசியில்தான் ஒருவருக்குப் பீலிக்ஸின் தம்பி நினைவுக்கு வந்தான். உண்மையாகவே பந்தடித்தவன் என்பது அவனுக்கு ஒரு குறையாகக் கருதப்படவில்லை.

மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் பீலிக்ஸும் மனைவி யூலியானாவும் இருந்த ஓரறை வீட்டுக்குத் தலைவரும் செயலாளரும் கோட்டுப் போட்டு வந்தார்கள்.

“தம்பி பீலிக்ஸ், உம்மடை தம்பியைக் கழகம் கௌரவிக்கப் போகுது,” என்றார் குணரத்தினம். “மலர் ஒண்டும் அடிக்கிறம். கனடா, லண்டன், ஜேர்மனி எல்லா இடமும் போகும்.”

பீலிக்ஸ் மலர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டான். அத்தனை நாட்டுக்கும் தம்பியின் படம் போனால், எங்கேயாவது யாராவது ஒருத்தர் ‘இந்தப் பெடியனைக் கண்டனான்’ என்று சொல்லமாட்டார்களா? பாவம், அப்படி நினைத்தான்.

“போடுங்கோ அண்ணை. ஆனா அமரர் எண்டு போடக்கூடாது. ஞாபகார்த்தம் எண்டும் வேண்டாம். அவன் காணாமல்தான் போனவன். சாந்தன் கிண்ணம், அவ்வளவுதான்.”

“சீச்சீ, நாங்கள் போடுவமே?” என்றார் குணரத்தினம்.

அவர்கள் போனபிறகு யூலியானா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்காமல் நின்றாள். “இஞ்சேருங்கோ, எனக்கு இது பிடிக்கேல்லை. கிண்ணத்திலை பேர் வெட்டினால் பிறகு அழிக்கேலாது,” என்றாள்.

பங்குக் கோவில் மண்டபத்தில் ஆனிமாதக் கூட்டம். வந்திருந்தவர்களில் நிர்வாக சபையில் இல்லாத ஒரே ஆள் பீலிக்ஸ் என்பதால் தேத்தண்ணி வழக்கம்போல அவன் பொறுப்பு. பதினான்கு கண்ணாடிக் கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு அவன் உள்ளே வந்தபோது தவராசா யாப்பின் பதினான்காம் பிரிவை வாசித்துக்கொண்டிருந்தார். ‘உயிரோடிருப்பவர் பெயரில் கிண்ணம் வைப்பதாயின் அவர் தலைவராகவோ பயிற்சியாளராகவோ இருந்திருக்க வேண்டும்.’

“அப்ப தம்பியைப் பயிற்சியாளர் ஆக்குங்கோவன்,” என்றான் பீலிக்ஸ். “பத்தொன்பது பேர் இருந்திட்டினம். அவனை இருபதாவதாப் போடுங்கோ.”

குணரத்தினம் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “பயிற்சியாளர் எண்டால் நீக்க வேணும் தம்பி. ஆள் இல்லாமல் எப்பிடி நீக்கிறது? கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்பிறது?”

“தலைவராக்குங்கோ.”

“இல்லாத ஒருத்தர் தலைவராய் இருக்கலாம் எண்டால்,” என்று குணரத்தினம் மெல்லச் சொன்னார், “இருக்கிற நான் எதுக்கு?”

‘இறந்தவராகக் கருதப்படும்’ என்று போடலாமே என்று ஒருவர் இழுத்தார். கருதப்படுகிற கிண்ணம் என்று உலகத்தில் ஒன்று உண்டா என்று அருளையா கேட்டார். கருதப்படுகிறவருக்கு எத்தனை நிமிட மௌனம், அரை நிமிடமா என்று இன்னொருவர் கேட்டார். பங்குச் சுவாமிக்கு மண்டபத்தை ஏழு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே வாக்கெடுப்புக்கு விட்டார்கள்.

அன்றைய கூட்டக் குறிப்பு இப்போதும் இருக்கிறது. தவராசாவின் கையெழுத்து அழகானது.

‘தீர்மானம் 7: திரு. சாந்தன் அவர்கள் அமரரானார். முன்மொழிந்தவர்: முன்னாள் தலைவர் திரு. அருளையா. வழிமொழிந்தவர்: பதினாறாவது பயிற்சியாளர். ஆதரவு 11. எதிர்ப்பு 2. இறந்தவரின் சகோதரர் நடுநிலை வகித்தார். தீர்மானம் 8: தேநீருக்குச் சீனி போதாது.’

எதிர்த்த இருவரும் சாந்தன் உயிரோடிருக்கிறான் என்று நம்பியவர்களல்ல. தங்கள் தகப்பன்மாரை முன்வைத்தவர்கள். நடுநிலை வகித்தவனுக்கோ இரண்டு கையிலும் தட்டம். கையைத் தூக்குவதென்றால் பதினான்கு கோப்பையும் நிலத்தில் போக வேண்டும். வாயாலாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தான். ஒரு மனிதன் செத்தானா இல்லையா என்பதைக் கைகளை எண்ணி முடிவெடுக்கிற கண்றாவியை அவன் அதுவரை கண்டதில்லை. வாய் திறக்குமுன் தவராசா எண்ணி முடித்துவிட்டார்.

“தட்டத்தை நிலத்திலை போட்டிருக்கலாம்,” என்றாள் யூலியானா, வீட்டில்.

“கோயில் கோப்பை.”

அன்றிரவு இருவரும் சாப்பிடவில்லை.

ஆவணி பதினைந்து, ஃபெர்ரகோஸ்தோ என்கிற இத்தாலியரின் கோடை விடுமுறைத் திருநாள். சிஞ்ஞோராமார் எல்லோரும் பிள்ளைகளோடு கடலுக்குப் போய்விட, தமிழருக்கு ஒருநாள் முழுதாகக் கிடைத்தது. கத்தானியாவிலிருந்தும் மெசினாவிலிருந்தும் அணிகள் வந்தன. மைதானத்தின் நடுவில் மேசை, மேசையில் இடுப்பளவு கிண்ணம். கிண்ணத்தின் அடியில் ஏழு தலைவர்களின் பெயரும் காலமும், அதற்குக் கீழே மிஞ்சிய இடத்தில் ‘அமரர் சாந்தன்’. பக்கத்துக் கதிரையில் அவனுடைய படம், மாலை போட்டு. அந்தப் படத்தைக் கொடுத்தவன் பீலிக்ஸ். அவன் கையுறையும் போட்டுக்கொண்டு கோல்வாசலில் நின்றான். கழகத்தில் வேறு கோல்காப்பாளன் இல்லை.

ஏழு தலைவர்களும் பேசினார்கள். குணரத்தினம் கடைசியாகப் பேசினார்.

“அன்பார்ந்த பெரியோர்களே! வால்ட்பிறுக்கன் கழகத்துக்கு இந்த நிலையை அடைய எண்பது வருடங்கள் தேவைப்பட்டன. நாம் நான்கே வருடங்களில் அடைந்திருக்கிறோம். எம்மிடம் தலைவர்கள் இருந்தார்கள், பயிற்சியாளர்கள் இருந்தார்கள், ஓர் இழப்பு மட்டுமே இல்லாதிருந்தது. அந்தக் குறையைத் தன்னலம் கருதாது நிவர்த்தி செய்த அமரர் சாந்தன் அவர்களை இவ்வேளையில் நன்றியுடன் நினைவுகூருகிறேன். அவர் மட்டும் இன்று எம்மத்தியில் இருந்திருந்தால், இந்த விழா நடந்திருக்க முடியாது!”

கைதட்டினார்கள். பிறகு ஒரு நிமிட மௌனம். தவராசா மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினார். பீலிக்ஸ் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான். இருநூறு பேர் தன் தம்பிக்காகத் தலைகுனிந்து நிற்கிறார்கள். அதற்காக அவர்களைக் கோபிக்க முடியவில்லை. நன்றி சொல்லவும் முடியவில்லை. அழுதான். அழுததைப் பார்த்தவர்கள் எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று நினைத்தார்கள். பேச்சுக்கள் நீண்டுவிட்டதால் ஆட்டம் ஒரு பாதிக்குப் பத்து நிமிடமாகக் குறைக்கப்பட்டது. கிண்ணத்தைக் கத்தானியாக்காரர் கொண்டுபோனார்கள். பயிற்சியாளர் நீக்கப்பட்டார்.

மலரும் வந்தது. அறுபத்துநாலு பக்கம், பளபளப்புத் தாள். குணரத்தினத்தின் படம் மட்டும் ஆறு இடத்தில், கோட்டுப் போட்டு. சாந்தன் நாற்பத்தோராம் பக்கத்தில், சுற்றிவரக் கறுப்புக் கோட்டோடு. இரண்டு பிரதிகளைத் தவராசா, ‘அமரரின் தாயார், குருநகர்’ என்று விலாசமெழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தார். குடும்பத்தாருக்குக் கழகம் செய்ய வேண்டிய மரியாதை என்று யாப்பில் இருந்ததாம். இது பீலிக்ஸுக்குத் தெரியாது. ஐப்பசியில் தாயின் கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. அது ‘இந்தத் திங்களும் போனனான்’ என்று தொடங்கவில்லை.

‘ராசா, புத்தகம் கிடைச்சுது. உனக்கு எப்பவோ தெரியும், எனக்குச் சொல்லப் பயந்திருக்கிறாய். வெளிநாட்டிலை இருக்கிற உங்களுக்குத்தான் உண்மை தெரியவரும் எண்டு இஞ்சை எல்லாரும் சொல்லுவினம். அச்சடிச்சு வந்தது பொய்யாய் இருக்காதுதானே. நான் கந்தோருக்குப் போறதை விட்டிட்டன். பூசை ஒப்புக்குடுத்தனான். ஒரு வருசத்துக்குப் பிறகு முந்தநாள்தான் விடியமட்டும் நித்திரை கொண்டனான். மரித்தோர் நாள் வருகுது. எல்லாரும் தங்கடை பிள்ளையளின்ரை கல்லறைக்குப் போவினம். அவனை எங்கை தாட்டவை எண்டு உனக்குத் தெரிஞ்சிருக்கும். அதை மட்டும் எழுது. தூரமெண்டாலும் போவன்.’

யூலியானா அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

குணரத்தினத்துக்குப் பலெர்மோவில் வேலை ஒரு பெரிய மாடிக் கட்டிடத்தின் வாசற் காவல். கண்ணாடிக் கூண்டுக்குள் குடியிருப்பாளரின் கடிதங்களுக்கு நடுவே கழகத்தின் மற்றக் கிண்ணங்களை அடுக்கி வைத்திருப்பார். எல்லாம் ஆறுதல் பரிசுகள். பீலிக்ஸ் கடிதத்தை நீட்டினான். மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அவர் கெட்டவரல்ல.

“தீர்மானத்தை மாத்துங்கோ அண்ணை. சாகேல்லை எண்டு ஒரு கடிதம் தாங்கோ. கழகத்தின்ரை முத்திரையோடை. அச்சடிச்சதைத்தான் அவ நம்புவா.”

“ஒரு ஆளை அமரராக்கிறதுக்குச் சாதாரணப் பெரும்பான்மை காணும். திருப்பி எடுக்கிறதெண்டால் மூண்டிலை ரெண்டு பங்கு வேணும். பொதுக்கூட்டம் சித்திரையிலைதான். அதோடை கத்தானியாக்காரர் கிண்ணத்தைத் திருப்பித் தரவும் வேணும்.”

மாடியிலிருந்து யாரோ மணி அடிக்க அவர் ஓடினார். பீலிக்ஸ் மேசையில் கிடந்த வால்ட்பிறுக்கன் புத்தகத்தைப் புரட்டினான். தலைவர்கள், பயிற்சியாளர்கள், கிண்ணங்கள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் படம் இல்லை. சின்ன எழுத்தில் இரண்டு வரிசையாகப் பெயர்கள் மட்டும். குணரத்தினம் ஒருநாளும் நின்று பார்த்திராத பக்கம். பீலிக்ஸ் கேட்காமலே புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனான். பங்குச் சுவாமி ஜேர்மனியில் படித்தவர்.

“இது விளையாடினவர்கள்,” என்று சுவாமி இத்தாலியனில் மெல்ல மெல்லச் சொன்னார். “போருக்குப் போனவர்கள். முதலாம் வரிசை செத்தவர்கள், பெயருக்குப் பக்கத்தில் சிலுவை இருக்கிறது. இரண்டாம் வரிசை காணாமற்போனவர்கள். ஏழு பேர்.”

“அவைக்குச் சிலுவை இல்லையா சுவாமி?”

“இல்லை. நாற்பத்தைந்து வருடம் கழித்து அடித்த புத்தகம். ஆனாலும் போடவில்லை.”

விளையாடினவர்களுக்கென்று அந்தப் புத்தகத்தில் இருந்த ஒரே பக்கம் அதுதான். அடுத்தநாள் பீலிக்ஸ் அதைக் குணரத்தினத்துக்கு முன்னால் விரித்து வைத்து, சுவாமி சொன்னதைச் சொன்னான். குணரத்தினம் அந்தப் பெயர்களை நெடுநேரம் விரலால் தடவிப் பார்த்தார்.

“இதிலை தலைவர்மார் ஒருத்தரும் இல்லையே,” என்றார். பிறகு, உண்மையிலேயே உதவ வேண்டுமென்ற எண்ணத்தில், குரலைத் தாழ்த்தினார். “தம்பி, கொம்மா கேக்கிறது இடம் மட்டுந்தானே? அதுக்குப் பொதுக்கூட்டம் தேவையில்லை. நிர்வாக சபையே ஒரு நல்ல இடமாப் பாத்துத் தீர்மானிக்கலாம். அருளையா முன்மொழிவார்.”

பீலிக்ஸ் பையிலிருந்த கோல்காப்பாளன் கையுறையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். வியா மக்வேதா முழுவதும் நடந்தான். சிஞ்ஞோராவுக்கு அன்று மதியச் சூப் இரண்டு மணிக்குத்தான் கிடைத்தது.

தாயிடம் ஒரு பொய் சொல்லிவிட்டால் போதும். ஏதோ ஒரு சவக்காலையின் பெயர். அவள் பூ வைப்பாள், அழுவாள், வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வாள். உண்மையைச் சொன்னால் திங்கட்கிழமை மறுபடியும் வரிசையில் நிற்பாள். நான்கு நாள் யோசித்தான். ஐந்தாம் நாள் யூலியானா பேனையைக் கொண்டுவந்து கையில் வைத்தாள்.

“இருக்கிறானோ இல்லையோ எண்டு எங்களுக்குத் தெரியாது. தெரியாது எண்டுறதை எழுதுங்கோ,” என்றாள்.

‘அம்மா, தம்பி செத்தானோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்சை பதினொரு பேர் கை தூக்கினவை, அவ்வளவுதான். நான் தூக்கேல்லை. தூக்க வேண்டாமெண்டு சொல்லவும் இல்லை. என்னை மன்னியுங்கோ.’ ஸ்தாசியோனே சென்ட்ராலேத் தபாற்பெட்டிக்குள் அதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான். ஒரு கிழவியின் நித்திரையைத் திருடிக்கொண்டு வருகிற எண்ணந்தான் வழி முழுவதும்.

பதில் தையில் வந்தது.

‘ராசா, இந்தத் திங்களும் போனனான். நீ எழுதினதை வாசிச்சு அழுதனான், ஆனா கோபமில்லை. அவன் வந்து நிண்டால் நித்திரை பிறகு கொள்ளலாம். பழைய படம் மழையிலை ஊறிப்போச்சு. உங்கடை புத்தகத்திலை இருக்கிற படம்தான் நல்ல துலக்கம். சுத்திவர இருந்த கறுப்புக் கோட்டைக் கத்தரிக்கோலாலை வெட்டிப்போட்டு அதைத்தான் கொண்டு போறன். அதின்ரை பின்பக்கத்திலை கோட்டுப் போட்ட ஒரு ஆள் நிக்கிறார். இவரையும் காணேல்லையோ எண்டு கந்தோரிலை கேட்டாங்கள். எனக்குத் தெரியேல்லை எண்டு சொன்னனான். பேர் இல்லாமல் அவரையும் பதிஞ்சிருக்கிறாங்கள். அவரின்ரை தாயும் எங்கையேன் தேடித்திரிவா, பாவம். வரேக்கை கோயிலிலை அவருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைச்சிட்டு வந்தனான்.’